விரிசல் விட்டால் பொறியாளர் பொறுப்பா? கட்டுமான வழக்குகளில் 'கவனத் தரம்' அளக்கப்படும் விதம்

ஒரு பால்கனி தொங்கிப்போனாலோ, அடித்தளத்தில் தண்ணீர் ஊறினாலோ, பாலத்தில் விரிசல் கண்டாலோ உடனே இரண்டு தீர்ப்புகள் வெளிவந்துவிடுகின்றன. "டிசைன் தப்பு, பொறியாளர்தான் பணம் கட்ட வேண்டும்" என்பது ஒன்று. "விதிநூல்படி வரைந்து அனுமதியும் வாங்கியாகிவிட்டது, அவர் எப்படிப் பொறுப்பாவார்?" என்பது மற்றது. வழக்கு என்று வரும்போது இரண்டுமே நிற்பதில்லை. நீதிமன்றமோ நடுவர் மன்றமோ கேட்பது வேறு கேள்வி: அதே துறையில், அதே காலத்தில், அதே தகவல்களைக் கையில் வைத்திருந்த தேர்ந்த ஒருவர் என்ன செய்திருப்பார்? இவர் அந்த அளவுக்குச் செய்தாரா?

இதைத்தான் தொழில்முறைக் கவனத் தரம் என்கிறார்கள். கேள்வி ஒரு வரிதான். அதில் வரும் 'அதே துறை', 'அதே காலம்', 'அதே தகவல்' ஒவ்வொன்றையும் நிரூபிப்பதில்தான் வழக்கின் பெரும்பகுதி செலவாகிறது.

1. அடிப்படை: நான்கு கண்ணிகள்

ஆர்க்கிடெக்ட், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வாளர் போன்றவர்கள்மேல் கவனக்குறைவு என்று வழக்குப் போடுபவர் நான்கு விஷயங்களை நிறுவியாக வேண்டும்.

1. கடமை: இந்த வேலையை இவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.
2. மீறல்: அந்த வேலையில் எதிர்பார்க்கப்படும் தரத்துக்குக் கீழே போனார்.
3. காரணத் தொடர்பு: அந்தக் குறையால்தான் சேதம் வந்தது.
4. இழப்பு: சேதத்துக்கு ஒரு தொகை உண்டு, அது நியாயமான கணக்கு.

கவனத் தரம் என்பது இரண்டாவது கண்ணியின் அளவுகோல். சேதம் இருக்கிறது என்பதே மீறலுக்குச் சான்று என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1838-லேயே ஓர் ஆங்கில நீதிபதி இதை ஜூரிக்கு விளக்கினார்: வழக்கறிஞர் வழக்கை ஜெயித்துத் தருவதாக ஏற்றுக்கொள்வதில்லை, அறுவை மருத்துவர் குணமாக்கியே தீருவதாக ஏற்றுக்கொள்வதில்லை, நியாயமான அளவு திறமையும் கவனமும் காட்டுவதாகத்தான் இருவரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இன்று காமன்லா நாடுகளில், அதாவது முந்தைய தீர்ப்புகளைப் பின்பற்றும் ஆங்கிலச் சட்டமரபு நாடுகளில், அதிகம் எடுத்தாளப்படுவது 1957-ஆம் ஆண்டின் போலம் வழக்கு. அது மருத்துவ வழக்கு; ஆனால் அதன் அளவுகோல் எல்லாத் தொழில்களுக்கும் பரவியது. அந்தத் துறையின் பொறுப்புள்ள ஒரு தரப்பினர் சரியென்று ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால், வேறொரு தரப்பு மாறாகச் சொன்னாலும் அவர் கவனக்குறைவானவர் அல்ல. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை உறுதிசெய்தது. 1997-இல் பொலித்தோ வழக்கில், பிரிட்டனின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: நிபுணர்கள் சிலர் வந்து "நாங்களும் இப்படித்தான் செய்வோம்" என்றால் போதாது, அந்த நடைமுறை தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். துறையே சேர்ந்து சோம்பலாக இருந்தால் அந்தச் சோம்பல் தரமாகிவிடாது.

அமெரிக்காவில் கட்டடக்கலைஞர்கள் சங்கமான ஏ.ஐ.ஏ. வெளியிடும் மாதிரி ஒப்பந்தம் இதையே எழுத்தில் வைக்கிறது: அதே அல்லது அதையொத்த வட்டாரத்தில், அதே அல்லது அதையொத்த சூழலில், மற்ற ஆர்க்கிடெக்டுகள் வழக்கமாகக் காட்டும் திறமையும் கவனமும். 'வட்டாரம்' என்ற சொல்லுக்கு இங்கே வேலை உண்டு. நிலநடுக்கப் பகுதியில் எழுதாமலே எதிர்பார்க்கப்படும் ஒரு கம்பி விவரம், வேறிடத்தில் யாரும் வரையாததாக இருக்கலாம்.

சராசரி என்று இதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்குச் சராசரி என்று எடுத்தால் பாதிப் பொறியாளர்கள் எப்போதும் குற்றவாளிகளாகிவிடுவார்கள். இங்கே அளக்கப்படுவது தகுதியின் அடிமட்டக் கோடு. மேதை தேவையில்லை, வருவதையெல்லாம் முன்கூட்டியே காணும் தீர்க்கதரிசியும் தேவையில்லை. ஆனால் தன் துறையில் வெளியாகும் புதுச் செய்திகளை மற்றவர்கள் அறிந்த வேகத்தில் அறிந்திருக்க வேண்டும், தனக்குத் தெரியாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2. முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்

கவனத் தரம் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு, கடைசியில் அது தேவையே இல்லை என்று தெரியவரும் வழக்குகள் உண்டு. ஒப்பந்தம் வேறொரு வாக்குறுதி கொடுத்திருக்கும்.

கட்டுமானத்தில் இரண்டு வகை வாக்குறுதிகள் இருக்கின்றன. "நியாயமான திறமையும் கவனமும் காட்டுவேன்" என்பது ஒன்று. இதில் உழைப்பின் தரம் அளக்கப்படும். "கட்டி முடித்தது இன்ன நோக்கத்துக்குப் பொருந்தும்" என்பது மற்றது. இதில் பலன் மட்டும் அளக்கப்படும், எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது பேச்சிலேயே வராது. ஆலோசகர்கள் வழக்கமாக முதலாவதில் கையெழுத்திடுவார்கள். டிசைனையும் சேர்த்துச் செய்யும் ஒப்பந்ததாரர் இரண்டாவதில் மாட்டுவார். ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான மஞ்சள் புத்தகம் நோக்கத்துக்குப் பொருந்தும் கட்டுமானத்தையே கேட்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ராபின் ரிக் காற்றாலை வழக்கு நல்ல பாடம். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே சால்வே கழிமுகத்தில் காற்றாலைகளுக்கான அடித்தளங்களை எம்.டி. ஹோய்கார்ட் நிறுவனம் வடிவமைத்து நிறுவியது. கடலடியில் இறக்கிய குழாய்த் தூணுக்கும் அதன்மேல் செருகப்படும் உறைக்கும் இடையில் கிரவுட் என்ற சிமெண்டுக் கலவையை ஊற்றி இணைப்பது முறை. அதற்குரிய ஜே101 என்ற சர்வதேசத் தரநூலின் சூத்திரத்தில் ஒரு மதிப்பு ஏறக்குறைய 10 மடங்கு தவறாக இருந்தது. இணைப்பின் தாங்குதிறனை அது மிகைப்படுத்திக் காட்டியது. யாருக்கும் தெரியாது. ஒப்பந்ததாரர் தரநூலை அப்படியே பின்பற்றினார். 2010-இல் இணைப்புகள் வழுக்கத் தொடங்கின. சரிசெய்யும் செலவு 2.625 கோடி யூரோ.

கவனத் தரம் மட்டும் அளவுகோலாக இருந்திருந்தால் ஒப்பந்ததாரர் தப்பியிருப்பார். எல்லோரும் நம்பிய தரநூலை நம்பியதில் கவனக்குறைவு இல்லை. ஆனால் தொழில்நுட்பத் தேவைகள் என்ற இணைப்பில் ஒரு பத்தி, அடித்தளங்கள் மாற்றீடின்றி 20 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட வேண்டும் என்றது. 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திக்கு முழு வலு கொடுத்தது: தரநூல் குறைந்தபட்சம் மட்டுமே, பலனுக்கான பொறுப்பு ஒப்பந்ததாரருடையது.

ஆலோசகர்களும் எப்போதும் பாதுகாப்பாக இல்லை. 1975-இன் கிரீவ்ஸ் வழக்கில், எண்ணெய் பீப்பாய்களை அடுக்கும் கிடங்கு ஒன்றின் மேல்தளத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடும் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் புதுவகைக் கட்டுமானத்தில் அதிர்வைக் கவனிக்கும்படி தர நிறுவனத்தின் சுற்றறிக்கையும் எச்சரித்திருந்தது. தளத்தில் விரிசல் விட்டது. கவனக்குறைவு மட்டுமன்றி, தெரிவிக்கப்பட்ட நோக்கத்துக்குத் தளம் பொருந்தும் என்ற உட்கிடையான உறுதியும் மீறப்பட்டதாகத் தீர்ப்பானது. அந்த வழக்கின் உண்மைகளை ஒட்டிய முடிவு அது. எல்லா ஆலோசகருக்கும் பொது விதி அல்ல என்று நீதிமன்றமே தெளிவாக்கியது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வாசகங்கள்:

- "உயர்ந்தபட்சத் தரம்", "துறையின் சிறந்தவர்களுக்கு நிகராக": தரத்தை வழக்கமான கோட்டுக்கு மேலே தூக்கிவிடுகின்றன.
- "இதே அளவும் சிக்கலும் உள்ள திட்டங்களில் அனுபவம் உள்ளவரின் திறமை": ஒப்பிடப்படும் கூட்டத்தைச் சுருக்குகிறது.
- "உறுதியளிக்கிறேன்", "உத்தரவாதம் தருகிறேன்": கவனத்திலிருந்து பலனுக்குத் தாவிவிடுகின்றன.
- ஆயுள், நீர்க்கசிவின்மை, சுமை போன்ற எண்கள்: தொழில்நுட்ப இணைப்புகளில் ஒளிந்திருக்கும். ராபின் ரிக்கில் நடந்தது இதுதான்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பொதுவாகக் கவனக்குறைவுக்குத்தான் பணம் தரும். ஒப்பந்தத்தில் வலிய ஏற்றுக்கொண்ட உத்தரவாதத்தை அது விலக்கிவைப்பது வழக்கம். எனவே கட்டட உரிமையாளர் கடுமையான வாசகம் ஒன்றை எழுதி வாங்கிவிட்டால் வென்றுவிட்டதாக நினைக்கலாம்; உண்மையில் காப்பீட்டுப் பணம் வராத ஒரு சிறு அலுவலகத்தின்மேல் அவருக்கு வெறும் காகிதத் தீர்ப்புதான் மிஞ்சும்.

3. எந்தத் தேதியின் அறிவு?

தரம் அளக்கப்படுவது வேலை நடந்த தேதியில். விபத்து நடந்த தேதியில் அல்ல, வழக்கு நடக்கும் தேதியிலும் அல்ல. 1947-இல் நடந்ததை 1954-இன் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது என்று டென்னிங் பிரபு ஒரு மருத்துவ வழக்கில் சொன்னது இன்றும் கட்டுமான வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது.

1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் இதைப் பளிச்சென்று காட்டியது. எஃகுச் சட்டகக் கட்டடங்களில் உத்தரத்தையும் தூணையும் பற்றவைத்து இணைக்கும் ஒரு முறை அதுவரை விதிநூலிலேயே இருந்தது. நன்றாக வளைந்து ஆற்றலை உறிஞ்சும் என்று எல்லோரும் நம்பினார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் அந்தப் பற்றவைப்புகள் கண்ணாடிபோல் விரிசல் விட்டிருந்தன. அதே ஆண்டு அந்த முறை விதிநூலிலிருந்து நீக்கப்பட்டது. விரிவான ஆய்வுக்குப் பின் 2000-இல் புதிய வழிகாட்டிகள் வந்தன. 1990-இல் அந்த இணைப்பை வரைந்தவரைக் குறைசொல்ல முடியாது. 1996-இல் அதையே பழைய படத்திலிருந்து நகலெடுத்தவருக்குத் தப்ப வழியில்லை.

நடைமுறையில் ஒரே திட்டத்துக்குள் பல தேதிகள் இருக்கும்: கருத்துரு வரைபடம், அனுமதி விண்ணப்பம், டெண்டர் படம், கட்டுமானப் படம், திருத்தங்கள். அனுமதி விண்ணப்பத் தேதியில் நடப்பிலிருந்த விதிநூலே பொதுவாகச் சட்டப்படி பொருந்தும் என்றாலும், நடுவில் ஓர் எச்சரிக்கை வந்தால் டிசைனைத் திரும்பப் பார்க்கும் கடமை எழலாம். தளத்தில் மண் எதிர்பார்த்தபடி இல்லை என்று ஒப்பந்ததாரர் கடிதம் எழுதிய தேதி பல வழக்குகளில் தீர்மானகரமாகிவிடுகிறது. அன்றுவரை டிசைன் சரி. அன்றைக்குப் பிறகு சும்மா இருந்தது தவறு.

4. யாரோடு ஒப்பிடுவது?

ஆர்க்கிடெக்டை ஆர்க்கிடெக்டோடு, கட்டடத்தின் நிலையைப் பார்த்து அறிக்கை தரும் சர்வேயரைச் சர்வேயரோடு. கேட்கச் சாதாரணமாகத் தோன்றும்; மீறப்படுவதோ அடிக்கடி. 1990-களின் இறுதியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வீட்டைப் பார்த்து அறிக்கை தந்த சர்வேயர்மேல் குறைசொல்லக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் சாட்சியத்தை நம்பியிருந்தார்கள். சுவர் விரிசலைப் பொறியாளர் பார்க்கும் பார்வை வேறு, சர்வேயர் பார்க்கும் பார்வை வேறு. அதே தொழிலைச் சேர்ந்தவரின் சாட்சியம் இல்லாமல் கவனக்குறைவு என்று முடிவுகட்டக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. படிக்கட்டில் கைப்பிடியே வரையாமல் விட்டதுபோல் யாருக்கும் விளங்கும் குறைக்கு நிபுணர் தேவையில்லை.

புதியவர் என்பதற்குச் சலுகை கிடையாது. ஏற்ற வேலைதான் தரத்தை நிர்ணயிக்கிறது. வழக்கமாக இரண்டு மாடி வீடு வரைபவர் ஆழமான அடித்தளக் குழிக்குத் தாங்குசுவர் வடிவமைத்தால், தாங்குசுவர் வடிவமைப்பவர்களின் வரிசையில்தான் நிறுத்தப்படுவார்.

யாரும் செய்திராத கட்டுமானம் என்றால் ஒப்பிட ஆளே இல்லையே? 1969 மார்ச்சில் இங்கிலாந்தின் எம்லி மூரில் 380 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்று சரிந்தது. உருளை வடிவில் அந்த உயரத்துக்கு அங்கே முன்னுதாரணம் இல்லை. காற்றில் எழும் சுழல் அதிர்வும், தாங்குகம்பிகளில் ஒருபுறமாகப் படியும் பனிக்கட்டியின் சுமையும் சேர்ந்து தாக்கும் நிலையை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1980-இல் பிரபுக்கள் சபை இதைக் கவனக்குறைவு என்றது. முன்னுதாரணம் இல்லாத இடத்தில் இறங்குபவருக்கு ஒவ்வொரு அபாயத்தையும் அடியிலிருந்து யோசிக்கும் கடமை கூடுகிறது. சில வேளைகளில் திட்டத்தையே கைவிடச் சொல்வதும் அந்தக் கடமையில் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு.

5. தரத்தைக் காட்டும் சான்றுகளும் அவற்றின் எடையும்

1. கட்டாய விதிகள். மீறினால் நிலைமை மோசம். சில இடங்களில் மீறலே கவனக்குறைவாகக் கொள்ளப்படும், வேறு இடங்களில் வலுவான சான்றாக மட்டும்.
2. தரநூல்கள். பின்பற்றியது நல்ல கேடயம், முழுக் கேடயம் அல்ல. கிரீவ்ஸ் வழக்கின் சுற்றறிக்கைபோல் தனியான எச்சரிக்கை இருந்தால் கேடயத்தில் ஓட்டை விழும். விலகியிருந்தால் அதற்கான கணக்கும் காரணமும் கோப்பில் இருக்க வேண்டும்.
3. வழிகாட்டிகள். மண்சார் வடிவமைப்புக்கான ஐரோப்பியத் தரநூலான யூரோகோடு 7-இன் இரண்டாம் பகுதி, உயர்மாடிக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மண் ஆய்வுத் துளைகளை 15 முதல் 40 மீட்டர் இடைவெளியில் வைக்கலாம் என்கிறது. 80 மீட்டர் நீளக் கட்டடத்துக்கு ஒரே துளை போட்டவர் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்து மனையின் நம்பத்தகுந்த ஆய்வு கையில் இருந்தால் அது பதிலாகலாம். உரிமையாளர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்பது மட்டும் பதிலாகாது. அபாயத்தை எழுத்தில் விளக்கிய பிறகே உரிமையாளர் அப்படி முடிவெடுத்தார் என்றால் கதை வேறு.
4. தயாரிப்பாளரின் கையேடுகள். நீர்க்காப்புப் படலம், ஒட்டுப்பசை, நங்கூர போல்ட் விவகாரங்களில் இவையே முதல் சான்று.
5. அலுவலகத்தின் சொந்த நடைமுறை. உள் சரிபார்ப்புப் பட்டியலில் இருப்பதைச் செய்யாமல் விட்டால் எதிர்த்தரப்பு அதைக் கொண்டாடும். ஆனால் தன் அலுவலகம் சட்டம் கேட்பதைவிடக் கடுமையான விதி வைத்திருந்ததால் மட்டும் அதுவே துறையின் தரமாகிவிடாது.

6. ஒரு பால்கனி, சற்று அருகில்

பேசுவதைவிட எண்ணோடு பார்த்தால் தெளிவாகும். சுவரிலிருந்து 1.5 மீட்டர் வெளியே நீளும் பால்கனி, 200 மி.மீ. காங்கிரீட் தளம். இப்படி ஒரு முனையில் மட்டும் பிடிபட்ட தளத்தில் இழுவிசை மேற்பரப்பில் வரும். ஆகவே பிரதானக் கம்பி மேலே இருக்க வேண்டும். வரைபடத்தில் 10 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி, மேல் கவர் (கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட்டின் தடிமன்) 25 மி.மீ. சில ஆண்டுகளில் சுவரை ஒட்டி மேற்பரப்பில் நீள விரிசல், நுனி தொய்வு. அந்தத் தடிமனை அளக்கும் கவர் மீட்டரை வைத்துப் பார்த்தால் கம்பி 75 மி.மீ. ஆழத்தில் கிடக்கிறது.

கணக்கு இப்படிப் போகிறது. தளத்தின் அடியிலிருந்து கம்பியின் மையம்வரை உள்ள பயன் ஆழம் 170 மி.மீ. இருக்க வேண்டியது 120 ஆகிவிட்டது. 25 தரக் காங்கிரீட்டுக்கும் 500 தரக் கம்பிக்கும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வளைவைத் தாங்கும் திறன் சுமார் 36 கிலோநியூட்டன்-மீட்டரிலிருந்து 25-க்கு இறங்குகிறது. கைப்பிடிச் சுவரோடு பாதுகாப்புக் காரணிகளையும் சேர்த்த தேவை 27 என்று கொள்வோம். வடிவமைப்பில் போதுமான திறன் இருந்தது, கட்டியதில் இல்லை. விறைப்பு ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் தொய்வு சுமார் இரட்டிப்பாகிறது. கட்டடம் விழாமல் நிற்பதற்கும் நுனி தொங்குவதற்கும் காரணம் இதுதான்.

இப்போது உரிமையாளர் கட்டமைப்புப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஒப்பந்ததாரர் மூவர்மேலும் வழக்குப் போடுகிறார். ஒப்பந்ததாரரின் நிலை எளிது: படத்தில் இருப்பதைக் கட்டவில்லை. பொறியாளர் விஷயத்தில் அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும்.

1. கணக்கு சரியா? 36 இருந்தது, 27 தேவை. டிசைனில் மீறல் இல்லை.
2. படம் தெளிவா? வெட்டுத்தோற்றத்தில் கம்பி மேலே காட்டப்பட்டிருக்கிறதா, உள்தளத்துக்குள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? மாடித் திட்டப்படத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தால் வாதத்துக்கு இடம் இருக்கிறது.
3. மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலி வடிவ 'சேர்' கம்பிகள் குறிப்பிடப்பட்டனவா? அவற்றை ஒப்பந்ததாரரிடமே விட்டுவிடுவது பல இடங்களில் ஏற்கப்பட்ட வழக்கம். இந்த இடத்தில் அன்று எது வழக்கம் என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும்.
4. காங்கிரீட் போடும் முன் பார்த்தாரா? நியமனக் கடிதத்தில் 'அவ்வப்போது வருகை' என்றுதான் இருக்கிறது. காலையில் வந்து பார்த்தபோது கம்பி இடத்தில் இருந்தது, மதியம் ஆட்கள் மிதித்து இறங்கிவிட்டது என்றால் அவர் மீறவில்லை. காங்கிரீட் போடும் தேதி தெரிவிக்கப்பட்டும், அந்தக் கட்டடத்தின் பால்கனி ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை என்றால் விஷயம் திரும்புகிறது. பால்கனியில் மேல்கம்பி மிதிபட்டு இறங்குவது இந்தத் தொழிலில் யாவரும் அறிந்த ஆபத்து.

நான்காவதற்கான விடை, ஒரு வருகைப் பதிவேட்டிலும் தேதியிட்ட இரண்டு புகைப்படங்களிலும் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் ஆண்டுகள் கழித்து நினைவை வைத்துச் சண்டை போட வேண்டியதுதான்.

7. மேற்பார்வையும் முத்திரையும்

வேலையில் குறை இருக்கிறது என்பதால் மட்டும் பார்வையிட்டவர் தவறினார் என்றாகாது. இது பல தீர்ப்புகளில் வந்த நிலைப்பாடு. எதிர்பார்க்கப்படுவது, வருகைகள் வேலையின் போக்குக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதே. மாதக் கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் சுற்றிப்பார்த்துவிட்டுப் போவது அதற்கு ஈடாகாது. மூடப்பட்டுவிட்டால் பிறகு பார்க்க முடியாதவற்றை, அதாவது காங்கிரீட்டுக்கு முன் கம்பி, மண் நிரப்பும் முன் நீர்க்காப்பு ஆகியவற்றை, மூடும் முன் பார்க்க வேண்டும். நூறு முறை திரும்ப வரும் வேலை என்றால் முதல் சிலவற்றைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு மாதிரிக்குப் பார்க்கலாம்.

தயாரிப்பாளர் வரைந்து அனுப்பும் விவரப் படமான ஷாப் டிராயிங் மீது குத்தப்படும் ஒப்புதல் முத்திரை தனிக் கதை. 1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி நான்காம் மாடிப் பாலத்தையும் இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கியது. ஒவ்வொரு உத்தரத்தின் அடியிலுள்ள நட்டும் தன் பாலத்தின் சுமையை மட்டும் ஏற்றது. தயாரிப்பின் வசதிக்காக அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்து தொங்கியது. மேல் இணைப்பின் சுமை இரண்டு மடங்கானது. விசாரணையில் முதல் வடிவமைப்புமே விதிநூல் கேட்ட திறனில் சுமார் 60 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. மாற்றிய பிறகு ஏறக்குறைய 30.

மாற்றப்பட்ட ஷாப் டிராயிங்கில் பொறியாளரின் முத்திரை இருந்தது. இணைப்புகளைத் தயாரிப்பாளர் வடிவமைப்பதே வழக்கம் என்று பொறியாளர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அந்த வாதம் எடுபடவில்லை. உரிமங்கள் பறிக்கப்பட்டன, 1988-இல் மிசௌரி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது உரிம வாரிய நடவடிக்கை. இழப்பீட்டு வழக்கைவிட அளவுகோல் கடுமையானது, மிகக் கடுமையான அலட்சியம் நிரூபிக்கப்பட வேண்டும். அங்கேயே வழக்கம் என்ற கேடயம் நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. "பொதுவான ஒத்திசைவுக்கு மட்டும் பார்க்கப்பட்டது" என்ற வாசகத்தை முத்திரையில் சேர்ப்பது அளவுகளிலும் எண்ணிக்கைகளிலும் உதவும். உயிர் தாங்கும் இணைப்பில் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

8. நிபுணர் அறிக்கை எங்கே சறுக்குகிறது?

பெரும்பாலான அறிக்கைகள் தோற்பது தொழில்நுட்பத்தில் அல்ல, கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டதால்.

- "நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன்." இது அவருடைய விருப்பம். பொறுப்புள்ள எந்தப் பொறியாளரும் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்பதை நிறுவினால்தான் மீறல்.
- விபத்தின் படங்களை முதலில் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறப்பது. முடிவு தெரிந்த பிறகு எல்லா அறிகுறிகளும் உரக்கப் பேசும். வேலை நடந்த தேதிவரையான ஆவணங்களை மட்டும் முதலில் படித்து, அன்று தெரிந்திருக்கக்கூடியவற்றைப் பட்டியலிட்டுவிட்டுப் பிறகு சேதத்துக்குப் போவது நல்ல ஒழுங்கு.
- விதிநூலின் தவறான பதிப்பைக் காட்டுவது. குறுக்கு விசாரணையில் முதலில் விழும் அடி இது.
- நியமனக் கடிதத்தில் இல்லாத வேலைக்குக் குறைசொல்வது.
- குறைகளை ஐம்பது அறுபது என்று அடுக்குவது. அவற்றில் சேதத்தோடு தொடர்புள்ளவை மூன்றோ நான்கோதான் என்றால் மற்றவை அந்த மூன்றையும் மங்கலாக்கும்.

9. மீறல் நிரூபணமான பிறகும்

மேல்கம்பி பார்க்கப்படவில்லை, அது மீறல் என்று வைத்துக்கொள்வோம். பார்த்திருந்தால் சரியாகியிருக்குமா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் அப்பால் தொகைக் கணக்கு.

படத்தில் பிழை, படத்தில் விடுபடல் இரண்டுக்கும் கணக்கு வேறு. தவறாக வரைந்து, கட்டி, இடித்து மீண்டும் கட்டினால் இடித்ததும் மீண்டும் கட்டியதும் இழப்பு. நீர்க்காப்புப் படலத்தை வரையவே மறந்து, பிறகு கூடுதல் வேலையாகச் சேர்த்தால் அப்படியல்ல. டெண்டரிலேயே இருந்திருந்தால் அது 100 பங்கு செலவு. நடுவில் சேர்த்ததால் 130. உரிமையாளரின் இழப்பு 30 மட்டும். அந்த 100 எப்படியும் அவர் கொடுத்திருக்க வேண்டியது. இதை மறந்து 130 முழுதும் கேட்கும் கோரிக்கைகள் ஏராளம்.

கடைசியாக, உரிமையாளர்களுக்குப் புரிய நேரமெடுக்கும் ஓர் இடைவெளி. 1918-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்பியரின் வழக்கில், உரிமையாளர் தரும் வரைபடங்களின் குறைகளுக்கு ஒப்பந்ததாரரிடம் உரிமையாளரே பொறுப்பு என்றது. வரைபடத்தில் குறை இருந்தால் போதும், ஒப்பந்ததாரர் கூடுதல் பணம் கேட்கலாம். ஆனால் அந்தப் பணத்தை வரைந்தவரிடமிருந்து மீட்க உரிமையாளர் கவனத் தரம் மீறப்பட்டதைக் காட்ட வேண்டும். எந்த வரைபடக் கட்டும் பிழையே இல்லாமல் வருவதில்லை. தரம் அதைக் கேட்பதுமில்லை. இரண்டுக்கும் நடுவே விழும் தொகை உரிமையாளரின் பையிலிருந்துதான் போகும். விவரமறிந்த உரிமையாளர்கள் இதற்கென்று எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு வைக்கிறார்கள். சில ஒப்பந்தங்கள் கட்டுமானச் செலவில் இன்ன விழுக்காடுவரையான வரைபடக் குறைகளுக்கு ஆலோசகரிடம் கேட்பதில்லை என்று முன்பே எழுதிவிடுகின்றன. அப்படி எழுதும்போது அந்த விலக்கு கூடுதல் செலவுக்கு மட்டும் என்றும், உயிர்ச்சேதத்தையோ கட்டமைப்புப் பாதுகாப்பையோ தொடும் குறைகளுக்குப் பொருந்தாது என்றும் தனியே சொல்லியாக வேண்டும்.